கடைவாய்ப் பல்

ஆண்டவரே, இன்று என்னால் வாயை
அரை விரற்கடைக்கு மேல் திறக்க முடியாது.
இடப்பக்கக் கடைவாயில் ஒரு பல்
நவம்பரில் சூரியன் போன நாளிலிருந்து
தனியாகச் சபை நடத்துகிறது.
பல் வைத்தியர் மார்ச்சில்தான் வருவார், ஹெலிகாப்டரில்,
அதுவும் காற்று சம்மதித்தால்.

மணி அடிக்க ஆள் வேண்டுமே.
உபர்நவிக்குக்கு வடக்கே, ஐம்பத்திரண்டு பேர் உள்ள ஊரில்
பொலேத்தேயை விட்டால் யார்?
கயிறு கம்பியாய் விறைத்திருந்தது.
முழங்கையால் தட்டி, பனியை உதிர்த்து, இழுத்தேன்.

முதல் அடி விழுந்ததும்
சங்கிலியில் சுருண்டு கிடந்த நாய்கள் எழுந்தன.
அவற்றின் வழக்கம் உமக்குத் தெரியும்.
தொபியாஸ் வீட்டுக் கிழட்டுப் பெட்டை தொடங்கிவைக்கும்.
கடைக்குப் பின்னால் கட்டியவை எடுத்துக்கொள்ளும்.
பிறகு கரை நெடுக, பாறை நெடுக
நூற்று முப்பது தொண்டைகள்
மேலே பார்த்து ஒரே ஊளை.
டென்மார்க்கிலிருந்து வந்த டீச்சர்
முதல் ஞாயிறு காதைப் பொத்திக்கொண்டு
"யார் செத்துப்போனது?" என்று கேட்டாள்.
யாரும் இல்லை, கோயிலுக்குக் கூப்பிடுகிறோம் என்றேன்.
அப்போது அதைச் சிரித்துக்கொண்டே சொல்ல முடிந்தது.

ஏனோக் போன மே மாதம்
பதினோரு நாய்கள் போயின பனிக்கட்டி மேல்.
மூன்று திரும்பின,
வார் அறுந்து, மார்பு வரை உப்பு உறைந்து.
அந்த மூன்றும்தான் இன்று எல்லாவற்றையும் விட உரக்கப் பாடுகின்றன.
எனக்குக் கோபமாய் வருகிறது.
யாரைப் புகழ இவ்வளவு உற்சாகம்?
அவரை விழுங்கிய தண்ணீர் யாருடையது?
கயிற்றைப் பிடித்தபடி அந்த ஊளையைக்
காதால் அறுத்துப் பார்த்தேன்,
அழுகை இந்தப் பக்கம், துதி அந்தப் பக்கமென்று.
கத்தி இறங்கவில்லை.

உள்ளே ஏழு பேர்.
யுவாக்காதான் எங்கள் உபதேசியார்.
வாரநாளில் தூண்டில் கயிறு இழுப்பவர்,
கிழிந்த விரல்களால் பக்கம் புரட்டினார்.
"துதிபலி செலுத்துவோம்" என்றார்.
பலி எங்களுக்குப் புரியும்:
கடல்நாயின் வயிறு, ஆவி பறக்கும் ஈரல்,
முதல் துண்டு பக்கத்து வீட்டுக்கு.
உதட்டால் பலியிட்டால்
அறுபடுவது எது ஆண்டவரே?

பல்லைக் கடித்துக்கொண்டு பாடலாமென்றால்
கடிக்கவும் முடியாத பல்.

எங்கள் பாட்டு மெதுவானது, நீர் அறிவீர்.
ஒரு சொல் முடிவதற்குள்
ஒருவர் குழாயில் புகையிலை அடைத்துவிடலாம்.
நான் முனகினேன்.
திறந்த மட்டும் திறந்து, மூச்சாக விட்டேன்.
அடுப்பு இன்னும் சூடேறவில்லை,
ஏழு வாயிலிருந்தும் ஆவி எழுந்தது,
உத்தரத்தில் தொங்கும் மரக் கப்பலுக்கு அடியில் கலந்தது.
எது பாடினவர் மூச்சு, எது என்னுடையது,
எனக்குத் தெரியவில்லை.
கப்பல் கொஞ்சம் திரும்பியது.
கதவு இடுக்குக் காற்றாகவும் இருக்கலாம்.

இரண்டாம் சரணத்தின் நடுவில்
தொபியாஸ் மகள் ஜன்னலைக் காட்டிக் கத்தினாள்.
பாட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினோம்,
யுவாக்கா புத்தகத்தோடு, டீச்சர் ஒரு காலுறையோடு.
தெற்கு மலை விளிம்பில்
மீன் முட்டை அளவுக்கு ஒரு சிவப்பு.
எழுபத்தைந்து நாள் கழித்து.
கையுறையைக் கழற்றி உள்ளங்கையை நீட்டினோம்.
சூடு இல்லை.
ஆனாலும் ஒருவரும் கையை எடுக்கவில்லை.
மூன்று நாய்களின் முதுகும் செம்பட்டையாய் மின்னின.
"குயனாக்" என்றேன், நன்றியென்று.
வாய் முழுக்கத் திறந்துவிட்டது,
வலி காது வரை போய்த் திரும்பியது.

சமாதானமாகிவிட்டாள் என்று எழுதிக்கொள்ள வேண்டாம்.
பாதிச் சரணமும் மூன்றாம் சரணமும் பாக்கி.
மார்ச்சில், பல் பிடுங்கிய பிறகு பார்க்கலாம்.
இப்போது நான் போக வேண்டும்,
ஹாலிபட் தலைகள் கல்லாய் உறைந்திருக்கின்றன,
கோடாலியால்தான் பிளக்க வேண்டும்.
பாடினவை பசித்திருக்கின்றன.